‘பப்ளிஷ்’ பொத்தானைத் தொடும் முன்...



போன மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை. ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி கணினி முன் உட்கார்ந்து, எங்கள் வீட்டு முருங்கை மரத்தில் அப்பிக் கிடந்த கம்பளிப்பூச்சிகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய வலைப்பூவுக்கான கட்டுரை அது. அரை மணி நேரமாக ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அப்போது பார்த்து ‘டப்’பென்று மின்சாரம் போய்விட்டது.

“தாத்தா! எல்லாம் போச்சு!” என்று ஒரே அழுகை.

மின்சாரம் வந்ததும் கணினியைத் திறந்து, அவளுடைய வலைப்பூவுக்குள் நுழைந்தோம். பதிவுகளின் பட்டியலில் மேலேயே ஒன்று இருந்தது. அதற்குத் தலைப்பு இல்லை. பக்கத்தில் ‘டிராஃப்ட்’ என்று மட்டும் இருந்தது. திறந்து பார்த்தால் கம்பளிப்பூச்சிகள் அத்தனையும் அங்கே பத்திரமாக நெளிந்துகொண்டிருந்தன! கடைசி இரண்டு வரிகளை மட்டும்தான் காணோம்.

யார் காப்பாற்றினார்கள்? அவள் பயன்படுத்தும் மென்பொருள்தான். ‘வேர்ட்பிரஸ்’ என்னும் அந்த மென்பொருள், இணைய இணைப்பு இருக்கும்வரை, ஏறக்குறைய 60 நொடிக்கு ஒருமுறை நாம் எழுதியதைத் தானாகவே சேமித்து வைக்கிறது. இப்படி வெளியிடாமல் வைத்திருக்கும் எழுத்துக்குத்தான் ‘டிராஃப்ட்’, அதாவது வரைவு என்று பெயர்.

வலைப்பூ தொடங்கும் பிள்ளைகள் பலரும் ‘பப்ளிஷ்’ என்ற பொத்தானையே பெரிதாக நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால், வரைவுதான் அதைவிடப் பெரிய வசதி என்பேன். ஏன் என்று சொல்கிறேன், வாருங்கள்.

வலைப்பூ பிறந்த கதை

முன்பெல்லாம் இணையத்தில் ஒரு பக்கம் உருவாக்க வேண்டுமானால் அதற்கான கணினி மொழியைக் கற்க வேண்டும். அந்தச் சிரமம் இல்லாமல், கடிதம் எழுதுவதுபோல் எழுதி, ஒரு பொத்தானை அழுத்தினால் உலகமே படிக்கும்படி செய்தவைதாம் வலைப்பூ மென்பொருள்கள்.

1997இல் அமெரிக்கரான ஜோர்ன் பார்கர் இத்தகைய பக்கங்களுக்கு ‘வெப்லாக்’ என்று பெயர் வைத்தார். 1999இல் பீட்டர் மெர்ஹோல்ஸ் என்பவர் அந்தச் சொல்லை விளையாட்டாக ‘வீ பிளாக்’ என்று பிரித்து எழுத, ‘பிளாக்’ என்ற சொல் நிலைத்துவிட்டது. தமிழில் அழகாக ‘வலைப்பூ’ என்கிறோம். அதே 1999இல் ‘பிளாகர்’ என்ற சேவை வந்தது. 2003இல் அதைக் கூகுள் நிறுவனம் வாங்கியது. அந்த ஆண்டு மே மாதம்தான் வேர்ட்பிரஸ் முதன்முதலில் வெளியானது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான மேட் முல்லன்வெக்குக்கு அப்போது வயது 19தான்! இன்னொருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த மைக் லிட்டில்.

ஒன்பது வயதுப் பெண்ணின் மதியச் சாப்பாடு

‘நாங்கள் எழுதினால் யார் படிக்கப்போகிறார்கள்?’ என்று கேட்கிறீர்களா? ஸ்காட்லாந்தில் மார்த்தா பெயின் என்று ஒரு சிறுமி. 2012இல், 9 வயதில், தன் அப்பாவின் உதவியோடு ‘நெவர் செகண்ட்ஸ்’ என்ற வலைப்பூவைத் தொடங்கினாள். எதைப் பற்றித் தெரியுமா? பள்ளியில் தினமும் தரும் மதியச் சாப்பாட்டைப் பற்றி!

தட்டை ஒரு படம் எடுப்பாள். பிறகு சுவைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், எத்தனை வாய் சாப்பிட்டாள், உடலுக்கு எவ்வளவு நல்லது, விலை என்ன, சாப்பாட்டில் முடி கிடந்ததா என்று சில கேள்விகளுக்குப் பதில் எழுதுவாள். அவ்வளவுதான்.

சில வாரங்களிலேயே பல நாடுகளிலிருந்தும் மக்கள் அதைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஜூன் மாதம் அந்த ஊர் நிர்வாகம், ‘இனிப் பள்ளியில் படம் எடுக்கக் கூடாது’ என்று தடை போட்டது. உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்பவே, மறுநாளே தடையை விலக்கிக்கொண்டது. ஏழை நாடுகளில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவு தரும் ‘மேரிஸ் மீல்ஸ்’ என்ற அறநிறுவனத்துக்காக மார்த்தா தன் வலைப்பூ வழியே நன்கொடை கேட்டிருந்தாள். ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது! ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டுப் பள்ளி ஒன்றில் அந்தப் பணத்தில் சமையற்கூடம் கட்டினார்கள்.

மார்த்தாவிடம் நாம் கற்க வேண்டியவை மூன்று. தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றியே எழுதினாள். தினமும் ஒரே வகைக் கேள்விகளை வைத்துக்கொண்டாள்; அதனால் ‘இன்று என்ன எழுதுவது?’ என்று விழிக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாவது, தொடக்கத்தில் தன் சொந்தப் பெயரைப் போடாமல் ‘வெஜ்’ என்ற புனைபெயரில் எழுதினாள்.

நீங்களும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். தெருவுக்கு வரும் பறவைகள், பாட்டி சொல்லும் விடுகதைகள், படித்த புத்தகங்கள், எதுவானாலும் சரி. நான்கு கேள்விகளை ஒரு வரைவாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதை நகல் எடுத்து விடைகளை நிரப்பினால் பாதிக் கட்டுரை தயார்.

விரல் நுனியில் சில வித்தைகள்

இனி எழுதும்போது கைகொடுக்கும் சில வசதிகளைப் பார்ப்போம்.

* வேர்ட்பிரஸில் ஒரு கட்டுரை பல கட்டங்களாக இருக்கும். பத்தி ஒரு கட்டம், படம் ஒரு கட்டம். புதிய வரியில் சாய்கோட்டை, அதாவது ‘/’ குறியைத் தட்டுங்கள். படம், பட்டியல், அட்டவணை என்று வேண்டிய கட்டத்தைத் தேர்ந்தெடுக்கலாம். மவுஸைத் தேடவே வேண்டாம்.

* வரியின் தொடக்கத்தில் ‘##’ என்று தட்டி ஒரு இடைவெளி விட்டால், அந்த வரி துணைத்தலைப்பாகிவிடும். நீளமான கட்டுரையைப் படிக்கிறவருக்குத் துணைத்தலைப்பு, வழியில் உள்ள சுமைதாங்கிக் கல் மாதிரி. கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

* வேறு இடத்தில் எழுதியதை நகல் எடுத்து ஒட்டும்போது, எழுத்தின் நிறமும் அளவும் கூடவே வந்து பக்கம் அலங்கோலமாகும். கன்ட்ரோல், ஷிப்ட், வி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி ஒட்டுங்கள். எழுத்து மட்டும் வரும், வேடங்கள் வராது.

* நன்றாக இருந்த பத்தியைத் திருத்துகிறேன் என்று கெடுத்துவிட்டீர்களா? கவலை வேண்டாம். வேர்ட்பிரஸில் ‘ரிவிஷன்ஸ்’ என்ற பகுதியைத் திறந்தால், முன்பு சேமித்த வடிவங்கள் வரிசையாக இருக்கும். பழையதையும் புதியதையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்து, வேண்டியதை மீட்கலாம். தவறுதலாக அழித்த பதிவும் குப்பைத்தொட்டியில் 30 நாள் காத்திருக்கும்.

அஞ்சறைப் பெட்டியும் ஒட்டுச் சீட்டும்

சமையலறையில் அஞ்சறைப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். கடுகுக்கு ஒரு அறை, சீரகத்துக்கு ஒரு அறை. வேர்ட்பிரஸில் ‘கேட்டகரி’ என்பது அந்த அறை போன்றது. ‘பறவைகள்’, ‘புத்தகங்கள்’, ‘பயணம்’ என்று நான்கைந்து அறைகள் போதும். எழுபது அறை வைத்தால் அம்மாவுக்கே கடுகு கிடைக்காது!

‘டேக்’ என்பது டப்பாவின் மேல் ஒட்டும் சீட்டு. ‘மைனா’, ‘கூடு’, ‘மழைக்காலம்’ என்று ஒரே கட்டுரைக்குப் பல சீட்டுகள் ஒட்டலாம். பிளாகரில் இந்த இரண்டு வேலைகளையும் ‘லேபிள்’ என்ற ஒரே வசதி செய்கிறது. ஒன்றில் கவனம் வேண்டும். ஒருநாள் ‘மைனா’ என்றும் மறுநாள் ‘மைனாக்கள்’ என்றும் போட்டால், கணினி அவற்றை இரண்டு வேறு பொருளாகவே எடுத்துக்கொள்ளும்.

‘அம்மா’வுக்கு 45 எழுத்தா?

இது தமிழில் எழுதும் பிள்ளைகள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு இணைய முகவரி உண்டு. வேர்ட்பிரஸ் அதைத் தலைப்பிலிருந்தே உருவாக்கிக்கொள்ளும். தமிழ்த் தலைப்பு என்றால் என்ன ஆகும்?

‘அம்மா’ என்ற சொல்லைக் கணினி அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று ஐந்து குறிகளாகச் சேமிக்கிறது. முகவரியில் போகும்போது ஒவ்வொரு குறியும் சதவீத அடையாளமும் ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த 9 குறிகளாக மாறும். ஐந்து ஒன்பது நாற்பத்தைந்து! அந்த முகவரியை நண்பருக்கு அனுப்பினால், நீளமான ரயில்வண்டி போல் இருக்கும். யாராலும் படிக்கவும் முடியாது.

அதனால் தலைப்பைத் தமிழிலேயே வையுங்கள். முகவரிக்கான இடத்தில் மட்டும் இரண்டு, மூன்று சிறிய ஆங்கிலச் சொற்களை நீங்களே எழுதிவிடுங்கள். வேர்ட்பிரஸில் இதற்கு ‘ஸ்லக்’ என்று பெயர், பிளாகரில் ‘பெர்மாலிங்க்’. இதையும் வெளியிடும் முன்பே செய்துவிட வேண்டும். பிறகு மாற்றினால், பழைய முகவரியைக் குறித்து வைத்தவர்கள் பூட்டிய வீட்டின் முன் நிற்கும்படி ஆகலாம்.

படம் பார்க்க முடியாதவருக்கும் ஒரு படம்

அலைபேசியில் எடுக்கும் ஒரு படம் 4 மெகாபைட் கூட இருக்கும். பத்துப் படம் என்றால் 40 மெகாபைட். ஏற்றவும் நேரம் ஆகும், உங்கள் கணக்கில் உள்ள இடமும் தீரும். 1,200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் போட்டால் திரையில் தெளிவாகவே தெரியும். இணைய வேகம் குறைந்த ஊரில் இருப்பவரும் காத்திருக்காமல் பார்ப்பார்.

படத்தை ஏற்றியதும் பக்கத்தில் ‘ஆல்ட் டெக்ஸ்ட்’ என்று ஒரு சின்னப் பெட்டி வரும். பலரும் அதைக் காலியாக விட்டுவிடுகிறார்கள். அது யாருக்காக இருக்கிறது தெரியுமா? பார்வையற்றவர்களுக்காக. அவர்களுடைய கணினியில் திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக் காட்டும் மென்பொருள் இருக்கும். பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள், மைக்கேல் கரனும் ஜேம்ஸ் டேவும், 2006இல் தொடங்கிய ‘என்விடிஏ’ அப்படிப்பட்ட ஒன்று. அது இலவசம், தமிழையும் படிக்கும்.

அந்தப் பெட்டியில் நீங்கள் என்ன எழுதுகிறீர்களோ, அதுதான் அவர்கள் காதில் விழும். ‘படம் 1’ என்று எழுதினால் என்ன புரியும்? ‘முருங்கை மரத்தின் அடிமரத்தில் பழுப்புநிறக் கம்பளிப்பூச்சிகள் கூட்டமாக ஒட்டியிருக்கின்றன’ என்று எழுதினால், அவர்களும் அந்த மரத்தின் அடியில் வந்து நிற்பார்கள்.

பிறர் எடுத்த படத்தைக் கேட்காமல் எடுத்துப் போடாதீர்கள். ‘விக்கிமீடியா காமன்ஸ்’ தளத்தில், எல்லாரும் பயன்படுத்த அனுமதித்த படங்கள் ஏராளமாக உள்ளன. ஒவ்வொரு படத்தின் கீழும் உள்ள நிபந்தனையைப் படித்து, எடுத்தவர் பெயரையும் போடுங்கள். நண்பனின் முகம் உள்ள படமா? அவனிடமும் அவன் வீட்டாரிடமும் கேட்ட பிறகுதான்.

பூட்டிய வீடும் குற்றாலப் பயணமும்

என் பேத்தி ஒருநாள் உற்சாகமாக ஒரு வரைவைக் காட்டினாள். ‘நாளை நாங்கள் எல்லாரும் குற்றாலம் போகிறோம். மூன்று நாள் வீட்டில் யாருமே இருக்க மாட்டோம்!’ என்று எழுதியிருந்தாள். கூடவே எங்கள் வீட்டு வாசலில், பள்ளிச் சீருடையில் அவள் நிற்கும் படம். சட்டையில் பள்ளியின் பெயர் பளிச்சென்று தெரிந்தது. கதவு எண்ணும் தெரிந்தது!

“இதை நீ தோழிக்குச் சொன்னால் தோழிக்கு மட்டும் தெரியும். வலைப்பூவில் சொன்னால் யார் யாருக்குத் தெரியும்?” என்று கேட்டேன். நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

நல்லவேளை, அது வரைவாக இருந்தது. வெளியிட்ட பிறகு அழித்துவிடலாமே என்று எண்ணாதீர்கள். வெளியிட்ட உடனே, உங்கள் வலைப்பூவைப் பின்தொடர்பவர்களுக்கு மின்னஞ்சலில் கட்டுரை போய்விடக்கூடும். நீங்கள் இங்கே திருத்தினாலும் அங்கே போனது திருந்தாது. யாராவது திரையைப் படம் பிடித்து வைத்திருக்கலாம். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கவே ‘இன்டர்நெட் ஆர்க்கைவ்’ என்ற அமைப்பு 1996 முதல் இருக்கிறது. வரைவு உங்கள் வீட்டுக்குள் இருக்கிறது. வெளியிட்டது தெருவில் இருக்கிறது.

பிறகு என்ன செய்தோம்? வீட்டுப் படத்தை எடுத்துவிட்டு அருவியின் படத்துக்கு இடம் விட்டோம். ஊரிலிருந்து திரும்பி வந்த பிறகு எழுதி முடித்தாள். ‘ஷெட்யூல்’ என்ற வசதியில் ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி என்று நேரம் குறித்தாள். அவள் தூங்கிக்கொண்டிருக்கும்போதே கட்டுரை தானாக வெளியாகிவிட்டது!

இன்னும் சில பாதுகாப்புகள்:

* புனைபெயர் வைத்துக்கொள்ளுங்கள். ரா. கிருஷ்ணமூர்த்தி ‘கல்கி’ ஆகவில்லையா? ரங்கராஜன் ‘சுஜாதா’ ஆகவில்லையா?

* அலைபேசிப் படத்துக்குள் அதை எடுத்த இடமும் பதிவாகியிருக்கக்கூடும். கேமரா அமைப்பில் இருப்பிடப் பதிவை நிறுத்திவிட்டுப் படம் எடுங்கள்.

* யார் கருத்து எழுதினாலும், உங்கள் வீட்டுப் பெரியவர் பார்த்து அனுமதித்த பிறகே அது தெரியும்படி அமைப்பை மாற்றி வையுங்கள்.

* உறவினர் மட்டும் படித்தால் போதும் என்றால், பதிவுக்குக் கடவுச்சொல் போட்டுப் பூட்டவும் வேர்ட்பிரஸில் வழி உண்டு.

* 13 வயது நிறையாதவர்கள் கூகுள் கணக்கைத் தாங்களாகவே தொடங்க முடியாது. அதற்கு மேற்பட்டவர்களும் அப்பா, அம்மாவிடம் சொல்லிவிட்டே தொடங்குங்கள்.

வகுப்பாகச் சேர்ந்து வலைப்பூ நடத்துவது இன்னும் நல்லது. வேர்ட்பிரஸில் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு தரலாம். மாணவர்களுக்குக் ‘கான்ட்ரிபியூட்டர்’ என்ற பொறுப்பைக் கொடுத்தால், அவர்கள் எழுதலாம். ஆனால் வெளியிட முடியாது. கட்டுரை ஆசிரியரின் பார்வைக்குப் போகும். அவர் படித்துவிட்டு வெளியிடுவார். நோட்டுப் புத்தகம் திருத்துவது மாதிரிதான்!

உங்கள் எழுத்து உங்கள் கையிலும் இருக்கட்டும்

இணையத்தில் போட்டுவிட்டால் என்றும் அழியாது என்று நினைக்கிறோம். ஆனால் அதை வைத்திருக்கும் நிறுவனமே கடையைக் கட்டிவிட்டால்? ‘போஸ்டரஸ்’ என்ற வலைப்பூச் சேவை 2013இல் மூடப்பட்டது. 2003இல் தொடங்கிய ‘டைப்பேட்’ 2025இல் மூடப்பட்டது. நகல் எடுத்து வைத்திருந்தவர்கள் பிழைத்தார்கள்.

வேர்ட்பிரஸில் ‘டூல்ஸ்’ பகுதியில் ‘எக்ஸ்போர்ட்’ என்பதை அழுத்தினால், எழுதியதெல்லாம் ஒரே கோப்பாகக் கணினிக்கு வந்துவிடும். ஒரு எச்சரிக்கை: அந்தக் கோப்பில் எழுத்துகள் இருக்கும், படங்கள் இருக்கும் இடத்தின் முகவரிதான் இருக்கும், படங்கள் இருக்கா. அவற்றைத் தனியே ஒரு பென்டிரைவில் சேமியுங்கள். பிளாகரிலும் அமைப்புகள் பகுதியில் நகல் எடுக்கும் வசதி உண்டு. மாதம் ஒருமுறை, முதல் ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்துக்கொண்டால் மறக்காது.

ஏழு கேள்விகள்

இதை ஒரு அட்டையில் எழுதிக் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். ஏழுக்கும் சரியான பதில் வந்த பிறகு பொத்தானைத் தொடுங்கள்.

1. ‘பிரிவ்யூ’ போட்டு, அலைபேசித் திரையில் எப்படித் தெரியும் என்று பார்த்தேனா?
2. ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பிழை திருத்தினேனா?
3. முகவரியைச் சுருக்கினேனா?
4. படங்களைச் சுருக்கி, விளக்கம் எழுதினேனா?
5. வீடு, பள்ளி, தொலைபேசி எண் எதுவும் வெளியே தெரிகிறதா?
6. இதில் வரும் யாராவது படித்தால் மனம் வருந்துவார்களா?
7. வீட்டில் ஒரு பெரியவர் படித்துவிட்டாரா?

ஆறாவது கேள்விக்கு மட்டும் ஒரு வழி சொல்கிறேன். கோபத்தில் எழுதியதை அன்றே வெளியிடாதீர்கள். ஒரு இரவு வரைவாகவே தூங்கட்டும். காலையில் எழுந்து படித்தால், அதை வெளியிடலாமா கூடாதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆமாம், அந்தக் கம்பளிப்பூச்சிக் கட்டுரை என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? காணாமல்போன கடைசி இரண்டு வரிகளை மறுபடி எழுத, மறுநாள் காலை மரத்தடிக்குப் போனாள். பூச்சிகளை உற்றுப் பார்த்தாள். “தாத்தா, இதெல்லாம் பகலில் அடிமரத்தில் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கு. ராத்திரியில்தான் மேலே ஏறி இலையைத் தின்னுது!” என்று ஓடி வந்தாள். முதல் நாள் எழுதியதில் அந்தச் செய்தி இல்லை. இரண்டு வரிக்குப் பதில் இரண்டு பத்தி எழுதிச் சேர்த்தாள். அதற்குப் பிறகுதான் பொத்தானை அழுத்தினாள்.

நீங்களும் எழுதுங்கள், பிள்ளைகளே! வாழ்த்துகள்!